பெல்லடோனா உடலுக்குள் போனால் என்ன நடக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருகருவென்று பளபளக்கும் பழம். தின்றால் லேசாக இனிக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து வாய் காய்ந்து, கண் கூசி, தின்றவர் பிதற்றத் தொடங்கிவிடுவார். அந்தப் பழம் காய்க்கும் பெல்லடோனா செடியைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஊமத்தை இதற்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் இருப்பது ஒரே வகை நஞ்சு என்பதால் பெரும்பாலான பதில்கள் ஊமத்தைக்கும் பொருந்தும்.

பெல்லடோனா எந்தச் செடி? பார்த்தால் அடையாளம் தெரியுமா?

தாவரவியல் பெயர் அட்ரோபா பெல்லடோனா. ஆங்கிலத்தில் டெட்லி நைட்ஷேட் என்பார்கள். ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் காட்டோரங்களில், பாதி நிழல் விழும் இடங்களில் தானாக வளரும். ஆளின் மார்பளவு உயரத்துக்குப் புதர் மாதிரி வரும். பூ மணி போலத் தொங்கும். மங்கிய ஊதா நிறம், அதில் கொஞ்சம் பச்சை ஓடும். காய் பழுத்ததும் மை போலக் கறுத்துவிடும். சின்ன செர்ரி அளவு இருக்கும்.

சந்தேகம் வந்தால் பழத்தைவிட அதன் அடியைப் பாருங்கள். பச்சை நிறத்தில் ஐந்து மடல்கள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். அதன் நடுவே பழம், தட்டில் எடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். இலை கிளம்பும் இடத்தில் ஒற்றைப் பழமாகத்தான் காய்க்கும், கொத்தாக இருக்காது.

பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1753இல் இந்தப் பெயரை முறைப்படி வைத்தவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். கிரேக்கப் புராணத்தில் விதியை நடத்தும் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி உயிரை நூலாக நூற்பாள், அடுத்தவள் அளப்பாள், மூன்றாமவள் கத்தரிப்பாள். கத்தரிப்பவள் பெயர் அட்ரோபோஸ். பெல்லடோனா என்றால் இத்தாலிய மொழியில் அழகி. கொலையையும் அழகையும் ஒரே பெயரில் போட்டு வைத்தார் மனிதர்.

மணத்தக்காளியையும் நைட்ஷேட் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. மணத்தக்காளி பிளாக் நைட்ஷேட். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு பேரினம். இணையத்தில் தேடும்போது இரண்டின் படங்களும் கலந்து வருவதால்தான் இந்தக் குழப்பம். மணத்தக்காளியின் பூ சின்னது, வெள்ளை, நடுவில் மஞ்சள். பழம் மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, கொத்தாகத் தொங்கும், அடியில் நட்சத்திரத் தட்டு கிடையாது. அதில் பெல்லடோனாவின் நஞ்சான அட்ரோபின் இல்லை. அதன் பச்சைக் காயில் இருப்பது சோலனின் வகை. அது வயிற்றைப் பிரட்டும் வேறு சமாச்சாரம்.

இந்தச் செடியில் இருக்கும் நஞ்சு எது?

மூன்று பெயர்கள் முக்கியம்: ஹயோசயமின், அட்ரோபின், ஸ்கோபோலமின். மூன்றும் ட்ரோப்பேன் ஆல்கலாய்டுகள் என்ற வகையைச் சேர்ந்தவை. உயிருள்ள செடியில் அதிகம் இருப்பது ஹயோசயமின். அதைப் பிரித்தெடுக்கும்போது மூலக்கூறு பாதிக்குப் பாதி கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிக்கொள்ளும். அந்தக் கலவைக்குப் பெயர்தான் அட்ரோபின். 1831இல் மைன் என்ற ஜெர்மானிய மருந்தாளர் இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்.

வேர், தண்டு, இலை, பூ, காய், விதை என்று செடி முழுவதும் நஞ்சு உண்டு. ஆனால் அது தயாராகும் இடம் வேர். அங்கிருந்து சாற்றோடு மேலே ஏறி இலைக்கும் பழத்துக்கும் போகிறது. இதைக் கண்டுபிடித்தது ஒட்டுக் கட்டிப் பார்த்துத்தான். ஊமத்தை வேர்மீது தக்காளித் தண்டை ஒட்டினால், தக்காளிச் செடியிலும் அந்த நஞ்சு ஏறிவிடும். தக்காளி வேர்மீது ஊமத்தையை ஒட்டினால், ஊமத்தையில் நஞ்சு கிட்டத்தட்ட இருக்காது. வீட்டுத் தோட்டத்தில் ஒட்டுக் கட்டிப் பழகுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உடலுக்குள் போய் அது என்னதான் செய்கிறது? எதை அழிக்கிறது?

எதையும் அழிப்பதில்லை. அமிலம் மாதிரி அரிப்பதும் இல்லை, சில பாம்பு விஷங்கள் மாதிரித் தசையைச் சிதைப்பதும் இல்லை. இன்னொருவர் உட்கார வேண்டிய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

நரம்பு ஒரு உறுப்புக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் நுனியில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அப்படிப்பட்டவற்றில் ஒன்று அசிட்டைல்கோலின். உறுப்பின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஒரு பிரிவின் பெயர் மஸ்கரினிக் ஏற்பிகள். அசிட்டைல்கோலின் அங்கே வந்து உட்கார்ந்தால் எச்சில் ஊறும், குடல் அசையும், இதயம் நிதானிக்கும், கண்பாவை சுருங்கும், சிறுநீர்ப்பை சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றும். சாப்பிட்டுவிட்டு மர நிழலில் சாய்ந்திருக்கும்போது உடம்பு என்னென்ன செய்யுமோ, அதில் பெரும்பகுதி இந்த நரம்புகளின் வேலை. பாராசிம்பதெடிக் நரம்புகள் என்பார்கள்.

அட்ரோபினும் அதே ஏற்பியில் பொருந்தும். பொருந்தி உட்காரும், ஆனால் எந்த வேலையும் செய்யாது. சேதி வந்து வாசலில் நிற்கும், உள்ளே போக வழியிருக்காது. பிறகு வரும் அறிகுறிகள் எல்லாமே இந்த ஒரு அடைப்பிலிருந்து கிளைப்பவை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நரம்பு இப்படி வேதிப்பொருளால் பேசுகிறது என்பதே 1921இல்தான் தெளிவானது. ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞர் தவளை இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பை மெதுவாக்கினார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் ஊற்றினார். அதுவும் மெதுவாகத் துடித்தது. அட்ரோபின் போட்டால் அந்தத் திரவத்தின் ஜம்பம் பலிக்கவில்லை. 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சோதனைக்கான யோசனை கனவில் வந்தது என்று லோவியே சொல்லியிருக்கிறார்.

தின்ற பிறகு அறிகுறிகள் எந்த வரிசையில் வரும்?

பெரும்பாலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். முதலில் வாய். சும்மா தாகம் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பிஸ்கட்டை மென்றால் மாவாகவே நிற்கும், விழுங்க முடியாது. குரல் கம்மும். தண்ணீர் குடித்தாலும் அடங்காது, ஏனென்றால் குறை தண்ணீரில் இல்லை. உமிழ்நீர்ச் சுரப்பிக்குக் கட்டளை போகவில்லை.

அடுத்து கண். வெளிச்சம் குத்தும், பக்கத்தில் இருப்பது மங்கும். தூரத்துப் பலகையைப் படித்துவிடுவார், கையில் இருக்கும் கைபேசியைப் படிக்க முடியாது. கூடவே இதயம் படபடக்கும். இதயத்துக்கு வேகஸ் நரம்பு எப்போதும் கடிவாளம் போட்டபடியே இருக்கும். அந்தக் கடிவாளம் அறுந்ததும் நாடி நிமிடத்துக்கு 120, 140 என்று ஓடும். இளம் வயதினருக்கு அந்தக் கடிவாளம் இறுக்கமாக இருப்பதால், அறும்போது வேகமும் அதிகமாகத் தெரியும்.

அப்புறம் தோல். முகமும் மார்பும் சிவந்து, தொட்டால் சுடும், ஆனால் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. அக்குளில் கையை வைத்துப் பார்த்தாலும் உலர்ந்திருக்கும். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் வழக்கமான களகளப்பு கேட்காது. சிறுநீர்ப்பை நிரம்பி வயிற்றுக்கடியில் உருண்டு நிற்கும். ஆள் போக முடியாமல் தவிப்பார். ஆனால் ஏன் தவிக்கிறோம் என்று சொல்லத் தெரியாது, ஏனென்றால் அதற்குள் மூளையும் குழம்பியிருக்கும்.

அளவு அதிகமானால் வலிப்பு, நினைவிழப்பு, மூச்சு மந்தம், இதயத் துடிப்பில் தடுமாற்றம். சாவு நேர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில், அல்லது தறிகெட்டு ஏறும் உடல் சூட்டால்.

வியர்வை நிற்பதால் அவ்வளவு பெரிய ஆபத்தா?

ஆமாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. வெயிலிலோ ஓட்டத்திலோ உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முதன்மையாக நம்பியிருப்பது வியர்வையைத்தான். அந்த வழி அடைபட்டதும், ஆவேசத்தில் கைகாலை உதறிக்கொண்டிருக்கும் ஆளின் சூடு வெளியேற இடமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இது கிருமியால் வரும் காய்ச்சல் இல்லை என்பதால் பாராசிட்டமால் கொடுத்துப் பயனில்லை. ஈரத் துணி, விசிறி, ஐஸ் என்று வெளியிலிருந்துதான் இறக்க வேண்டும்.

கண்ணை அழகாக்க இதை ஊற்றிக்கொண்டார்கள் என்பது நிஜமா?

நிஜம் என்றுதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. அழகி என்ற பெயருக்கே அதுதான் விளக்கம். இத்தாலியில் பெண்கள் இதன் சாற்றைக் கண்ணில் விட்டுக்கொள்வார்களாம். கண்பாவையைச் சுருக்குவது ஒரு வளையத் தசை. அட்ரோபின் அதைத் தளர்த்தியதும் பாவை அகன்று கருவிழி முழுக்க இருட்டாகத் தெரியும். பார்ப்பவர்களுக்கு அழகு. பார்க்கிறவளுக்கோ எதிரே நிற்பவன் முகமே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும், ஏனென்றால் கிட்டப் பார்வைக்காக லென்ஸைக் குவிக்கும் தசையும் சேர்ந்தே தளர்ந்துவிடும்.

தொட்டாலே விஷம் ஏறுமா?

காயமில்லாத தோலில் இலை பட்டதற்காகப் பயப்பட வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். வெட்டுக்காயம், வாய், கண் இந்த மூன்றில்தான் கவனம் வேண்டும்.

கண் விஷயத்தில் மருத்துவர்களையே கலங்கடிக்கும் ஒரு நிகழ்வு உண்டு. ஒருவர் தோட்டத்தில் ஊமத்தையையோ, அதைப் போலவே எக்காளப் பூ பூக்கும் ப்ரூக்மான்சியாவையோ கத்தரித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைக்கும்போது கண்ணையும் கசக்குவார். சிறிது நேரத்தில் ஒரு கண்பாவை மட்டும் அகன்று, வெளிச்சம் காட்டினாலும் அசையாமல் நிற்கும். ஒரு பாவை மட்டும் விரிந்தால் மூளையில் ரத்தக்கசிவோ நரம்பு நசுங்கலோ இருக்கலாம் என்பதால், அவசரப் பிரிவில் நேராக ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் இவர் சுகமாகப் பேசிக்கொண்டிருப்பார், தலைவலி இருக்காது, இமை தொங்காது. அப்போது பாவையைச் சுருக்கும் பிலோகார்ப்பின் சொட்டு போட்டுப் பார்ப்பார்கள். நரம்பு நசுங்கியிருந்தால் பாவை சுருங்கும். ஏற்பியில் அட்ரோபின் உட்கார்ந்திருந்தால் சுருங்காது. தோட்ட வேலை செய்தீர்களா என்று முதலிலேயே கேட்டிருந்தால் ஸ்கேன் செலவு மிச்சம்.

மனக்குழப்பம் எப்படி இருக்கும்? இதைப் போதை என்று சொல்லலாமா?

போதை என்று சிலர் தேடிப் போவது உண்டு. ஆனால் அனுபவித்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை அந்தப் பக்கம் போவதில்லை. மற்றப் போதைகளில், தெரிவது மாயம் என்று மனசின் ஒரு மூலையில் உறைக்கும். இதில் அந்த மூலையே அணைந்துவிடும். இல்லாத ஆளோடு உட்கார்ந்து பேசுவார், எதிரே இருக்கிற உங்களைத் தெரியாது. விரலிடுக்கில் இல்லாத சிகரெட்டை உறிஞ்சி, சாம்பலைத் தட்டுவார். போர்வையிலிருந்து இல்லாத நூலை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். இது இந்த நஞ்சின் அச்சு அடையாளம், கை காற்றில் துழாவிக்கொண்டே இருக்கும். பேச்சு முணுமுணுப்பாக, பாதிப் பாதிச் சொற்களாக வரும். பழைய ஆட்கள் ஜன்னி என்று சொல்லும் நிலை இதுதான்.

நினைவைப் பதிய வைப்பதிலும் அசிட்டைல்கோலினுக்குப் பங்கு உண்டு. அதனால் தெளிந்த பிறகு பெரும்பாலானோருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது.

1676இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில், கலகத்தை அடக்க வந்த ஆங்கிலச் சிப்பாய்கள் சிலர் ஊமத்தைத் தளிரைக் கீரை என்று நினைத்து வேகவைத்துத் தின்றார்கள். 1705இல் எழுதப்பட்ட குறிப்பு அதை இப்படி விவரிக்கிறது: ஒருவன் காற்றில் இறகை ஊதிக்கொண்டிருந்தான், இன்னொருவன் அந்த இறகின்மேல் வைக்கோலைக் கோபமாக வீசினான், வேறொருவன் அம்மணமாக மூலையில் குரங்கு மாதிரி உட்கார்ந்து பல்லைக் காட்டினான். பதினோரு நாள் கழித்துத் தெளிந்தபோது யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. அமெரிக்காவில் அந்தச் செடிக்கு ஜிம்சன் வீட் என்று பேர் வந்தது அந்த ஊரால்தான். படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் தங்களையே மாய்த்துக்கொண்டுவிடக் கூடாது என்று அடைத்து வைக்க வேண்டியிருந்தது என்பதும் அதே குறிப்பில்தான் இருக்கிறது. இந்த நஞ்சில் சாவு சில நேரம் மருந்தியலால் வருவதில்லை. கிணற்றில், சாலையில், மாடி விளிம்பில் வருகிறது.

எத்தனை பழம் தின்றால் ஆபத்து?

எண்ணிக்கை கேட்பதே தப்பு. ஒரே செடியில் ஒரு பழத்துக்கும் அடுத்த பழத்துக்கும் நஞ்சின் அளவு மாறும். மண், பருவம், பழுத்த நிலை எல்லாம் அதை மாற்றும். தின்றவரின் எடை, வயது, வயிற்றில் ஏற்கனவே என்ன இருந்தது என்பதும் சேரும். குழந்தைக்குச் சொற்பமே போதும். இணையத்தில் சுற்றும் ‘இத்தனை பழம் வரை பரவாயில்லை’ என்ற கணக்குகளில் எதையும் நம்பாதீர்கள்.

அதே நேரம், சரியான கவனிப்பு கிடைத்தால் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். 1990-91 வளைகுடா நெருக்கடியின்போது இஸ்ரேலில் ரசாயனத் தாக்குதலுக்குப் பயந்து, அதற்கு மாற்று மருந்தாக வீடுதோறும் அட்ரோபின் ஊசிகள் கொடுத்திருந்தார்கள். இருநூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் தவறுதலாக அதைக் குத்திக்கொண்டார்கள். யாரும் சாகவில்லை.

முயலும் பறவையும் தின்கின்றனவே, அவற்றுக்கு ஒன்றும் ஆகாதா?

சில முயல்களின் ரத்தத்தில் அட்ரோபினை உடைக்கும் ஒரு நொதி பிறவியிலேயே உண்டு. அவை இலையை மேய்ந்துவிட்டுச் சும்மா இருக்கும். பறவைகளும் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். அணில் கடித்த பழம், பறவை கொத்திய பழம் மனிதருக்கும் ஆகும் என்ற நம்பிக்கை இந்தச் செடியிடம் செல்லாது.

வேகவைத்தால் நஞ்சு போய்விடுமா?

போகாது. ஜேம்ஸ்டவுன் சிப்பாய்கள் தின்றது வேகவைத்ததுதான். வழக்கமான சமையல் சூட்டில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். காய வைத்தாலும் போகாது.

இதனால்தான் பயிரோடு களையாகக் கலக்கும்போது பிரச்சினை பெரிதாகிறது. 2019இல் உகாண்டாவில், ஐ.நா. உலக உணவுத் திட்டம் வழங்கிய சத்துமாவில் ட்ரோப்பேன் ஆல்கலாய்டுகள் கலந்திருந்ததால் சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட் பசலைக்கீரை தின்ற பலர் பிதற்றலோடும் மங்கிய பார்வையோடும் மருத்துவமனைக்கு வந்தார்கள். கீரையோடு ஊமத்தை இனக் களையின் இளம் இலைகளும் சேர்ந்து அறுவடையாகியிருந்தன. இரண்டிலுமே தின்றவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒரே உணவைத் தின்ற பலருக்கு ஒரே நேரத்தில் வாய் காய்ந்து பார்வை மங்கினால், சாதாரண உணவு நச்சு என்று விட்டுவிடக் கூடாது. கெட்டுப்போன உணவில் வாந்தியும் பேதியும் போகும். இதில் குடலே அசையாமல் நிற்கும்.

யாராவது தின்றுவிட்டால் உடனே என்ன செய்வது?

வாயில் மிச்சம் இருப்பதைத் துப்ப வைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டை உலர்ந்து, நினைவு தடுமாறும் ஆளுக்கு அது மூச்சுக்குழாயில் போய்ச் சேரும். உப்புத் தண்ணீர், பால், மோர், எலுமிச்சை எதுவும் முறிவு இல்லை. செடியின் ஒரு கிளையைப் பழத்தோடு எடுத்து ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் படம் எடுங்கள். அறிகுறி வரட்டும் பார்ப்போம் என்று காத்திராமல் அவசர உதவியை அழையுங்கள் அல்லது மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

போகும் வழியில் பேச்சைக் குறைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, உடம்பைக் குளிர்ச்சியாக வைத்தால் போதும். தூங்கட்டும் என்று ஒவ்வாமை மாத்திரையோ சளி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் பல இதே ஏற்பிகளைத்தான் அடைக்கும். எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? மாற்று மருந்து உண்டா?

முதல் வேலை ஆளை அமைதிப்படுத்துவது. அதற்கு டயசெபாம், லோரசெபாம் வகை மருந்துகள். சூட்டை இறக்குவார்கள், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவார்கள், ஈ.சி.ஜி.யைக் கண்காணிப்பார்கள், சிறுநீர்க் குழாய் போடுவார்கள். இந்தக் கடைசி வேலையைச் சிறிதாக நினைக்க வேண்டாம்: நிரம்பிய சிறுநீர்ப்பையைக் காலி செய்ததுமே பாதி ஆவேசம் அடங்கிவிடுவது உண்டு. தின்று அதிக நேரம் ஆகாமல், ஆள் தெளிவாக இருந்தால் நஞ்சை உறிஞ்சும் மருத்துவக் கரி கொடுப்பார்கள். குடல் மெதுவாகிவிடுவதால் பழமும் விதையும் உள்ளே வழக்கத்தைவிட நீண்ட நேரம் கிடக்கும். அதனால் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தாலும் பயன் இருக்கலாம்.

மாற்று மருந்து உண்டு, பெயர் பைசோஸ்டிக்மின். மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து வந்தது. அந்த அவரையும் கொடிய நஞ்சுதான்; குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தின்ன வைத்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்ப்பு சொன்ன காலம் இருந்தது. உடம்பில் அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அது முடக்கும். அசிட்டைல்கோலின் பெருகப் பெருக, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அட்ரோபினை எண்ணிக்கை பலத்தால் நெட்டித் தள்ளிவிடும். மூளைக்குள்ளும் நுழையும் என்பதுதான் இதன் சிறப்பு; அதே வகையைச் சேர்ந்த நியோஸ்டிக்மினால் அது முடியாது. 1864இலேயே பிராக் நகரில் அட்ரோபின் நஞ்சுக்குக் கலபார் அவரைச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

கொடுத்த சில நிமிடங்களில், காற்றைத் துழாவிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று கேட்பார். ஆனால் மருந்தின் வேலை ஒரு மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும், நஞ்சின் வேலை நாள் கணக்கில் ஓடும். மறுபடி குழம்புவது சகஜம். அளவு மிஞ்சினாலோ வேறு சில மருந்துகளும் உடம்பில் இருந்தாலோ இதயத்தை நிறுத்திவிடும் என்பதால் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. இது கையிருப்பில் இல்லாத இடங்களில், அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மினைச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இதே நஞ்சுதான் மருந்தாகவும் இருக்கிறதா?

ஆமாம், அதுவும் சாதாரண மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அட்ரோபின் இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியைக் குடித்தவருக்கு நடப்பது பெல்லடோனாவுக்கு நேர் எதிர். அங்கே அசிட்டைல்கோலின் வெள்ளமாகப் பெருகும். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், நுரையீரல் சளியில் மூழ்கும், நாடி படுத்துவிடும். அப்போது அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போவார்கள். நெஞ்சில் கரகரப்பு ஓய்ந்து, நாடி ஏறும்வரை நிறுத்த மாட்டார்கள். சாதாரண ஆளுக்குப் பிதற்றல் வரவழைக்கும் அளவைப்போலப் பல மடங்கு அவருக்குத் தேவைப்படலாம். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் இதே வகை நஞ்சான சாரின் வாயு விடப்பட்டபோதும் கைகொடுத்தது இதுதான்.

மற்றபடி, இதயத் துடிப்பு ஆபத்தாகக் குறையும்போது ஊசியாகவும், கண் பரிசோதனையில் சொட்டாகவும், குழந்தைகளின் கிட்டப்பார்வை வேகமாக ஏறாமல் தடுக்க மிக நீர்த்த சொட்டாகவும் அட்ரோபின் பயன்படுகிறது. பயணத்தில் வாந்தி வராமல் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டையில் இருப்பது ஸ்கோபோலமின்.

பெல்லடோனா என்று எழுதியிருக்கும் ஹோமியோபதி மாத்திரை ஆபத்தானதா?

லேபிளில் சொன்னபடி நீர்க்கப்பட்டிருந்தால் அதில் நஞ்சு கிட்டத்தட்ட இருக்காது. அப்படியானால் மருந்தும் இருக்காது என்பது என் கருத்து. சிக்கல், சொன்னபடி இல்லாதபோது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கு என்று விற்கப்பட்ட சில மாத்திரைகளைச் சோதித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மாத்திரைக்கு மாத்திரை பெல்லடோனாவின் அளவு மாறுவதாகவும், சிலவற்றில் லேபிளில் சொன்னதைவிட மிக அதிகம் என்றும் 2017 ஜனவரியில் அறிவித்தது. கைக்குழந்தைக்கு இந்தச் சூதாட்டம் தேவையில்லை. செடியை வீட்டில் காய வைத்துப் பொடித்துச் சாப்பிடுவதும் புகைப்பதும் இதைவிடப் பல மடங்கு மோசம்.

தக்காளி, கத்திரி, உருளை எல்லாம் இதே குடும்பமாமே?

ஆமாம். குடும்பத்தில் 2,500க்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. மிளகாயும் புகையிலையும்கூட அதில்தான். பங்காளி ஒருவன் கொலைகாரன் என்பதற்காகக் குடும்பத்தையே பிடித்து உள்ளே போட முடியாது. உருளையில் மட்டும் ஒரு கவனம்: பச்சை பிடித்த, முளைவிட்ட கிழங்கில் சோலனின் ஏறியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. கசந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பிழைத்தவருக்கு நிரந்தரக் கோளாறு வருமா?

பொதுவாக வராது. ஏற்பிகள் சேதமாகவில்லை, அடைபட்டிருந்தன, அவ்வளவுதான். சிறுநீரகமும் கல்லீரலும் நஞ்சை வெளியேற்றியதும் எல்லாம் பழையபடி நடக்கும். சூடு மிக ஏறி மூளையோ தசையோ பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது வலிப்பில் விழுந்து அடிபட்டிருந்தால் அது வேறு கதை.

பிதற்றல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளியும். நாடி இறங்கும், பசி எடுக்கும், வாயில் எச்சில் ஊறும். கண்தான் கடைசி. வீட்டுக்கு வந்து மூன்று நான்கு நாள் ஆன பிறகும் பாவை அகன்றே இருக்கலாம். பகலில் வாசலுக்கு வந்தால் கூசும், செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்தாலும் எழுத்து கலையும். அதுவரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், வண்டி ஓட்டக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேலும் அப்படியே நின்றால், அல்லது இரண்டு பாவைகளும் ஒரே அளவில் இல்லை என்று தெரிந்தால், கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.